ஓடுகாலிக்கு ஏழு ஜோடி

தமிழில் ஓட்டத்துக்கு நல்ல பெயர் கிடையாது. ஓடிப்போனவள், ஓட்டம் பிடித்தவன், ஊரை விட்டு ஓடினவன், ஓடுகாலி என்று எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு கடன்காரரோ, காதலோ, போலீஸோ, நாயோ மூச்சிரைக்க வந்துகொண்டிருக்கும். யாரும் துரத்தாமல், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதற்காக ஒருவன் ஓடுவான் என்று நம் முன்னோர் யோசித்துப் பார்க்கவில்லை. அதனால்தானோ என்னவோ, எங்கள் ஓட்டக் கூட்டத்தில் யாரும் 'ஓடுகிறேன்' என்று சொல்வதில்லை. 'ரன்னிங் போறேன்' என்போம். சினிமாவுக்குப் போவதைப் போல, கோயிலுக்குப் போவதைப் போல, ரன்னிங் என்பது எங்கோ இருக்கும் ஓர் இடம், போய்விட்டு வருகிறோம்.

பெசன்ட் நகரில் ஓடத் தொடங்கிய முதல் வாரம். ஐந்து மணி ஆகியிருக்காது. பால் பாக்கெட் போடும் அம்மா சைக்கிளை நிறுத்தி, "ஏம்ப்பா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சும்மாதான் ஓடுகிறேன் என்றேன். "சும்மாவா?" என்றவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பார்வை காலில் போய் நின்றது. புது ஷூ. ஆரஞ்சு நிறம். இருட்டிலும் எரிகிற வகை. "ஓ, ஷூ போட்டுக்கினுதான் ஓடுறியா" என்று சமாதானமாகி அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்.

விடியற்காலையில் லுங்கியும் ரப்பர் செருப்புமாக ஒருவன் தெருவில் ஓடினால் ரோந்து வண்டி நிற்கும், விசாரிக்கும். அதே ஆள் அதே தெருவில் எரியும் ஷூவோடு ஓடினால் வண்டிக்குள்ளிருந்து யாராவது கையசைத்தாலும் அசைப்பார்கள். கால் ஓடுவதற்கு ஷூ வேண்டுமா என்பதில் விஞ்ஞானிகளே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மனிதன் தெருவில் ஓடுவதற்கு வேண்டும். நம்மிடம் கேட்கப்படும் கேள்விக்கு நம் வாய்க்கு முன்பே ஷூ பதில் சொல்லிவிடுகிறது. ஒருவகை லைசென்ஸ் அது.

இப்போது என்னிடம் ஏழு லைசென்ஸ்கள் இருக்கின்றன.

"ஏங்க, நீங்க என்ன மரவட்டையா?" என்றாள் மனைவி, ஏழாவது அட்டைப்பெட்டி வந்த அன்று. நான் 'ரொட்டேஷன்' என்பதை விளக்கினேன். தினசரி ஓட்டத்துக்கு ஒன்று, வேகப் பயிற்சிக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்துக்கு மெத்தென்று ஒன்று, பந்தயத்துக்குக் கார்பன் பிளேட் வைத்தது, மழைக்கு ஒன்று, மற்றதெல்லாம் ஈரம் காயும் இடைவெளிக்கு ஒன்று, இவை தவிரத் தூக்கிப்போட மனம் வராத பழசு ஒன்று. அவள் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள். "பட்டுக்கு ஒண்ணு, ஆபீசுக்கு ஒண்ணு, துஷ்டிக்கு ஒண்ணுன்னு நான் புடவைக்குச் சொன்னப்ப நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள். இருபத்திரண்டு வருஷமாக வட்டி ஏறிக்கொண்டிருந்த பாக்கி. கட்டிவிட்டேன்.

இத்தனைக்கும் டாக்டர் என்னை ஓடச் சொல்லவில்லை. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 8.4 என்று வந்திருந்த தாளைப் பார்த்துவிட்டு, "டெய்லி முக்கால் மணி நேரம் நடங்க" என்றார். அவ்வளவுதான். ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் நேராக ஷூ கடைக்குப் போனேன். அரிசியைக் குறைப்பது, பத்து மணிக்குப் படுப்பது, அம்மா வழியில் வந்த கணையத்தை மாற்றுவது எதுவும் கடையில் விற்பனைக்கு இல்லை. ஷூ இருந்தது.

கடைப்பையனுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். "சார், உங்க கெய்ட் பாக்கணும்" என்றான். எங்கள் அடுக்ககத்து கேட்டை இவன் எதற்குப் பார்க்க வேண்டும் என்று குழம்பினேன். நடக்கும் விதத்துக்கு அதுதான் பெயராம். டிரெட்மில்லில் ஏற்றி ஓடவிட்டுப் பின்னாலிருந்து படம் பிடித்தான். அதை மெதுவாக ஓட்டிக் காட்டினான். பிறந்ததிலிருந்து என்னோடு இருக்கும் குதிகாலை அன்றைக்குத்தான் பின்பக்கமாகப் பார்த்தேன். சித்திரை மாதத்து ஏரி மாதிரி வெடித்திருந்தது. பையன் அதைப் பொருட்படுத்தவில்லை. கணுக்கால் உள்பக்கம் சாயும் இடத்தில் படத்தை நிறுத்தி, "ஓவர் ப்ரொனேஷன் சார்" என்றான். குரலில் செவ்வாய் தோஷம் சொல்லும் ஜோசியரின் கனிவு. பரிகாரமும் அதே கடையில், இடது பக்க அலமாரியில், 13,999 ரூபாய்க்கு இருந்தது.

பரிகாரத்தைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் பயிற்சிக்கு வந்த ஆயிரக்கணக்கானோரை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பாதிக்குப் பாதத்தின் வளைவைப் பார்த்து அதற்கேற்ற ஷூ. மறு பாதிக்குப் பாதம் எப்படி இருந்தாலும் ஒரே வகை ஷூ. காயப்பட்டோர் எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கனடாவின் கல்காரியில் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்த பென்னோ நிக் என்ற பேராசிரியர், போட்டுப் பார்த்து எது சுகமாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள் என்ற இடத்தில் வந்து நின்றார். இதைக் கேட்டால் என் அப்பா சிரித்திருப்பார். பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் செருப்புக் கடையில் என்னை நிற்கவைத்து, முன்பக்கம் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, "வெரலு ஆடுதா?" என்பார். ஆடுது என்றால் அதற்கு மேல் ஒரு சைஸ் பெரிதாக எடுப்பார், வளர்கிற கால் என்பதால். அந்த ஆராய்ச்சிக்கு அரை நிமிஷம் ஆகும்.

அப்படி வாங்கிய வெள்ளை கேன்வாஸ் ஷூவை வாரம் ஒருமுறை டிரில் பீரியடுக்குப் போட்டுப் போவோம். பாலிஷ் தீர்ந்தால் கரும்பலகைச் சாக்பீஸ். ஆனால் விளையாட்டு விழாவன்று ஓட்டப்பந்தயக் கோட்டில் வந்து நின்றதும் எல்லோரும் செய்யும் முதல் காரியம் ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பதுதான். ஷூ என்பது வரிசையில் நிற்பதற்கு. ஓடுவதற்குக் கால் இருக்கிறது. பி.டி. வாத்தியாரும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லமாட்டார்.

எங்களுக்குத் தெரியாமலேயே ஒரு பெரிய மரபில் நின்றிருக்கிறோம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடி, தீப்பந்த வெளிச்சத்தில் கான்ஸ்டன்டைன் வளைவருகே முதலாவதாக முடித்தார். 2 மணி 15 நிமிடம் 16 விநாடி; அதுவரை யாரும் ஓடாத வேகம். கடைசி நேரத்தில் அணியில் சேர்க்கப்பட்டவருக்குக் கிடைத்த ஷூ காலுக்குச் சரியாக அமையவில்லை, பழகியது வெறுங்கால், கழற்றிவிட்டார். இதோடு கதை முடிந்திருந்தால் வெறுங்கால்காரர்களுக்கு வசதி. 1964 டோக்கியோவில் அதே பிகிலா, குடல்வால் அறுவை நடந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், ஷூ போட்டுக்கொண்டு வந்து இன்னும் மூன்று நிமிடம் குறைத்து 2 மணி 12 நிமிடத்தில் ஜெயித்தார். எங்கள் குழுவில் ஷூ கட்சி, வெறுங்கால் கட்சி இரண்டும் பிகிலா படத்தைத்தான் வைத்திருக்கின்றன. இரண்டு கழகத்துப் போஸ்டரிலும் அண்ணா இருப்பதைப் போல.

வெறுங்கால் கட்சிக்கு ஓர் அலை வந்து போனது. 2009இல் கிறிஸ்டோஃபர் மெக்டூகல் எழுதிய 'பார்ன் டு ரன்' என்ற புத்தகம், மெக்சிகோ மலைப் பள்ளத்தாக்குகளில் நாள் கணக்கில் ஓடும் தாராஹுமாரா மக்களை உலகுக்குக் காட்டியது. அவர்கள் காலில் இருப்பது பழைய டயரை வெட்டித் தோல்வார் கோத்த செருப்பு. வாசித்துவிட்டு அமெரிக்காவே வியந்தது. நான் வியக்கவில்லை, என் தாத்தா அதைத்தான் போட்டிருந்தார், பெயர் டயர் செருப்பு, தேய்வதற்குள் தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். அலையின் உச்சியில் ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த ரப்பர் ஷூ ஒன்று வந்தது. கால் தவளையாகத் தெரியும். அதைத் தயாரித்த விப்ரம் நிறுவனம், காலுக்கு நல்லது என்று தகுந்த ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக வழக்கைச் சந்தித்து, 2014இல் 37.5 லட்சம் டாலருக்கு ஒத்துக்கொண்டு முடித்தது. வெறுங்காலைக் காசுக்கு விற்க முடிந்திருக்கிறது, அதுதான் ஆச்சரியம். தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்து பழனிக்கு வெறுங்காலோடு நடக்கும் கூட்டத்தில் யாரும் இதற்கு இன்னும் காப்புரிமை கேட்கவில்லை.

ஷூவின் சரித்திரத்தைப் படித்தால் பாதி சமையலறையிலும் மீதி பங்காளிச் சண்டையிலும் நடந்திருக்கிறது. சண்டையை முதலில் சொல்கிறேன், நமக்கு அது எளிதாகப் புரியும். ஜெர்மனியில் ஹெர்ட்சோகனௌராக் என்றொரு சிறிய ஊர். அங்கே தாயின் சலவைக் கொட்டகையில் அடோல்ஃப், ரூடோல்ஃப் என்ற டாஸ்லர் சகோதரர்கள் விளையாட்டு ஷூ செய்யத் தொடங்கினார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் காலில் இருந்தது அவர்கள் செய்த ஷூ. 1948இல் அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை. காரணம் என்ன என்பதற்கு ஊரில் பல கதைகள். எந்தப் பாகப்பிரிவினைக்குத்தான் ஒரே கதை இருக்கிறது. அண்ணன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்ப் பூமாவைத் தொடங்கினார். தம்பி இந்தப் பக்கமே இருந்து தன் பெயரைச் சுருக்கி அடிடாஸ் ஆக்கினார். ஊர் இரண்டாயிற்று. கால்பந்துக் குழு இரண்டு, ரொட்டிக்கடை இரண்டு. எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்குமுன் குனிந்து ஷூவைப் பார்ப்பார்களாம். 'கழுத்து குனிந்தவர்களின் ஊர்' என்றே பெயர் வந்துவிட்டது. இருவரையும் ஒரே கல்லறைத் தோட்டத்தில், இந்தக் கோடியில் ஒருவர் அந்தக் கோடியில் ஒருவர் என்று புதைத்தார்கள்.

பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிறு காலை ஐந்து மணிக்கு வந்து பாருங்கள். எல்லோருக்கும் கழுத்து குனிந்துதான் இருக்கும்.

சமையலறைக் கதை அமெரிக்காவினுடையது. பில் பௌவர்மன் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ஓட்டப் பயிற்சியாளர். 1971 வாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, மனைவி பார்பரா சுட்டுத் தந்த வாஃபிளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கட்டம் கட்டமான பள்ளத்தைத் திருப்பிப் போட்டால் ஷூவின் அடிப்பாகம் ஆகுமே என்று தோன்றியது. ரப்பர்க் கலவையைக் கரைத்து வாஃபிள் அச்சிலேயே ஊற்றினார். எண்ணெய் தடவ மறந்துவிட்டார். அச்சு ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. அந்த யோசனைதான் சில வருஷத்தில் நைக்கியின் வாஃபிள் ஷூவாகி விற்றுத் தீர்ந்தது. பாழான அச்சைக் குப்பைக்குழியில் போட்டவர்கள் நாற்பது வருஷம் கழித்துத் தோண்டியெடுத்து இன்று நிறுவனத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பணியாரச் சட்டியில் நான் ரப்பர் ஊற்றியிருந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிருப்பது நானாகத்தான் இருக்கும்.

பௌவர்மனைப் பற்றி இரண்டு விஷயங்கள் சொல்லவேண்டும். ஒன்று, காற்றோட்டமில்லாத பட்டறையில் பசையோடு பசையாகக் கிடந்ததில் அவருடைய கால் நரம்புகள் கெட்டு, தான் செய்த ஷூவில் தானே ஓடமுடியாமல் போனார். மற்றொன்று அதற்கு முன்னால் நடந்தது. 1962 கடைசியில் அவர் நியூஸிலாந்து போனபோது அங்கே ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர் (ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்) ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தார். பௌவர்மனுக்கு அப்போது வயது 51. சேர்ந்து ஓடிப் பார்த்தார், பின்தங்கினார். அவரோடு துணைக்கு ஓடிவந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் எழுபதைத் தாண்டிய, மாரடைப்பு கண்டு பிழைத்த ஒரு கிழவர். வெட்கத்தோடு ஊர் திரும்பிய பௌவர்மன்தான் அமெரிக்காவுக்கு 'ஜாகிங்'கைச் சொல்லிக்கொடுத்தார், இதய மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து புத்தகம் எழுதினார். இத்தனை கோடி ஜோடி ஷூவுக்கும் வேரில் நடுவயசுக்காரர் ஒருவரின் மூச்சிரைப்பு இருக்கிறது. எனக்கும் இப்போது 51.

இனி ஒரு நான்கு விழுக்காட்டின் கதை. 2017இல் நைக்கி வேப்பர்ஃபிளை என்ற ஷூ வந்தது. உள்ளே வளைந்த கார்பன் தகடு, அதைச் சுற்றித் துள்ளும் நுரை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, அதற்கு முன்பிருந்த பந்தய ஷூக்களைவிட ஓட்டத்துக்குச் செலவாகும் ஆற்றல் சராசரியாக 4 விழுக்காடு குறைந்தது. அதற்குப் பிறகு சாலை ஓட்டச் சாதனைகள் ஒவ்வொன்றாக உடைந்தன. 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் எலியூட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் மாரத்தான் தூரத்தைக் கடந்தார். வேகம் காட்ட ஆள்கள், வண்டி என்று ஏற்பாடுகள் செய்த ஓட்டம் என்பதால் சாதனைப் பட்டியலில் சேராது, ஆனாலும் மனிதக் கால்தான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் பதினோரு பேர் ஷூ வாங்கினோம். சோதனை நடந்தது மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர் வேகத்தில் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். என் வேகம் ஏழரை. பதினான்கில் நான் ஓடியது வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, திருவான்மியூர் மார்க்கெட் பின்னால் ஒரு செவலை நாயின் முன்னிலையில். அன்றைக்குக் காலில் இருந்தது ஹவாய் செருப்பு. அதிலும் ஒன்று பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

இப்படியே விட்டால் ஷூ கட்டில் உயரத்துக்கு வந்துவிடும் என்று பயந்த உலகத் தடகளச் சங்கம், 2020இல் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, தகடு ஒன்றே ஒன்றுதான் என்று விதி போட்டது. மறுவருஷமே வியன்னா மாரத்தானில் முதலாவதாக வந்த எத்தியோப்பியர் தெராரா ஹுரிஸாவை, கோட்டைத் தாண்டிய பிறகு ஷூவை அளந்து பார்த்துத் தகுதி நீக்கம் செய்தார்கள். அடிப்பாகம் 50 மில்லிமீட்டர். பயிற்சிக்கு ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று என்று வைத்திருந்ததில் பந்தயத்துக்கு ஆகாததைப் போட்டு வந்துவிட்டார். ரொட்டேஷனில் இப்படியும் ஓர் ஆபத்து இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் போனது 2023இல் அடிடாஸ் கொண்டுவந்த ஷூ. ஒற்றை ஷூவின் எடை 138 கிராம், ஒரு செவ்வாழை கனம். விலை 500 டாலர். ஒரு மாரத்தானும் அதற்கு முன் கொஞ்சம் பழகிப் பார்ப்பதும்தான் கணக்கு என்று நிறுவனமே சொல்லி விற்றது. முகூர்த்தத்துக்கு மட்டும் கட்டும் கூறைப்புடவை. அதைப் போட்டுக்கொண்டு பெர்லினில் திகிஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிடம் 53 விநாடியில் பெண்களுக்கான உலகச் சாதனையைச் செய்தார். முடித்ததும் ஷூவைக் கழற்றிக் கையில் ஏந்தினார்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பரதன் ஞாபகம் வந்தான். பாதுகையை ஏந்தி வந்து, சிம்மாசனத்தில் வைத்து, பதினான்கு வருஷம் ஒரு தேசத்தையே அதன் பெயரில் ஆண்டவர்கள் நம்மிடம் உண்டு. ஸ்ரீரங்கத்து அரங்கனின் பாதுகையைப் பற்றி மட்டும் வேதாந்த தேசிகர் 1008 சுலோகங்கள் பாடி 'பாதுகா சஹஸ்ரம்' என்ற நூலாக்கினார். ஒரே இரவில் பாடி முடித்தார் என்பது மரபு. பாதுகையின் ஓசைக்கு, அதில் பதித்த மணிகளுக்கு, அது நகர்வதற்கு என்று தனித்தனிப் பகுதிகள். எங்கள் குழுவின் ஷூ விமர்சகர்கள் என்ன எழுதினாலும் அந்த உயரம் வராது. ஆனால் முயற்சியில் குறை சொல்ல முடியாது. "மிட்சோல் முதல் அஞ்சு கிலோமீட்டர் கொஞ்சம் டல்லா இருக்கும், அப்பறம் பேச ஆரம்பிக்கும்" என்று ஒருவர் எழுதினார். ஷூ என்ன பேசியது என்று நான் கேட்டேன். குழுவிலிருந்து இரண்டு நாள் விலக்கி வைத்தார்கள்.

சங்கத் தமிழில் செருப்புக்குத் 'தொடுதோல்' என்றும் 'அடிபுதை அரணம்' என்றும் பெயர்கள் உண்டு. இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. அடியைப் புதைத்துக்கொள்ளும் கோட்டை. காட்டுவழி போகிறவனுக்கு முள்ளிலிருந்து அரண். எங்களுக்கு எதிலிருந்து?

எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் மேனேஜர் சார். வட்டி விகிதம் சொல்வதைப் போலத் தசம புள்ளியோடு ஷூ எடையைச் சொல்லுவார். ஒரு மார்கழியில் காணாமல்போனார். இரண்டு ஸ்டென்ட் என்று தெரிந்தது. பத்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவரைப் போல மெல்ல வந்து ஆல்காட் பள்ளி முனையில் நின்றார். ஆறு கிலோ குறைந்திருந்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றோம். யாருக்கும் வாய் வரவில்லை. பயமா இருந்துச்சா சார், ராத்திரி தூக்கம் வருதா, அண்ணி எப்படி இருக்காங்க, இப்படி எதையாவது கேட்டிருக்கலாம். நாலரை மணி இருட்டில் வருஷக்கணக்காக ஒன்றாக ஓடிய ஆண்கள். கடைசியில் ஒருவர், "என்ன சார், புது ஷூவா?" என்றார். மேனேஜர் சாரின் முகம் மலர்ந்தது. "ஆமாப்பா, டிராப் எட்டு மில்லிமீட்டர். டாக்டர் நடக்கலாம்னுட்டார்" என்றார். அதன் பிறகு இருபது நிமிஷம் டிராப்பைப் பற்றியே பேசினோம். குதிகால் எவ்வளவு உயரம், முன்பாதம் எவ்வளவு, வித்தியாசம் இருந்தால் முழங்காலுக்கு என்ன, இல்லாவிட்டால் கெண்டைக்காலுக்கு என்ன. குனிந்து அவர் ஷூவைத் தொட்டுப் பார்த்தவர் இரண்டு பேர். நானும் தொட்டேன்.

அதிலிருந்து குழுவில் யாராவது "ஷூ மாத்தணும்னு நினைக்கிறேன்" என்றால் நான் ஷூவை மட்டும் கேட்பதில்லை. 'ஷூ செத்துப்போச்சு' என்பது எங்கள் வழக்கு. ஐந்நூறிலிருந்து எண்ணூறு கிலோமீட்டருக்குள் உள்ளே நுரை துள்ளலை இழந்துவிடும். வெளியே பார்த்தால் புதிது மாதிரியே இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால்தான் தெரியும்.

செத்த ஷூவோடு அடையாறு டிப்போ அருகே மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் ஒருமுறை போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்து வெளியே இழுத்தார். "இது தோலும் இல்ல, ரப்பரும் இல்ல, பன்னு சார். பன்னுல தையல் நிக்குமா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேண்டுமானால் பழைய டயர் அடி வைத்துத் தருகிறேன், ஆயுசுக்கும் வரும் என்றார். தாத்தாவிடம் திரும்பிப் போக எனக்கு அன்று தைரியம் இல்லை. அந்த ஜோடி, அதற்கடுத்துச் செத்த கார்பன் பிளேட் ஜோடி இரண்டும் எங்கள் அடுக்ககக் காவலாளிக்குப் போயின, இருவருக்கும் ஒரே சைஸ். உலகச் சாதனைகளுக்காகக் கண்டுபிடித்த தகட்டை மாட்டிக்கொண்டு அவர் எழுந்து வந்து கேட்டைத் திறக்கிறார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நின்னா முன்னாடி தள்ளுது சார், உக்காந்தா பரவால்ல" என்றார். நான் படித்த விமர்சனங்களிலேயே துல்லியமானது இதுதான்.

போன தையில் வந்தவாசிக்கு ஒரு கல்யாணம். கிளம்பும் அவசரத்தில் நல்ல செருப்பு கிடைக்காமல் ஏழில் ஒன்றை மாட்டிக்கொண்டு வேட்டியோடு பஸ் ஏறினேன். வேட்டிக்குக் கீழே பச்சையும் ஊதாவுமாக ஷூ. செய்யாறில் இருபது, இருபத்தோரு வயசுப் பெண் ஒருத்தி ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. அங்கே சிப்காட்டில் தைவான்காரர்களின் தொழிற்சாலை இருக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் போய் நைக்கிக்கு ஷூ தைக்கிறார்கள். அவள் என் காலைப் பார்த்தாள். பத்து நிமிஷம் ஜன்னலைப் பார்த்தாள். மறுபடியும் காலைப் பார்த்தாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. ஒண்ணைக் கயட்டிக் குடுக்கிறீங்களா?"

கொடுத்தேன். நாக்கைத் தூக்கி உள்ளே தைத்திருந்த சின்னத் துணியைப் படித்தாள். "வியட்நாம். அதானே பாத்தேன், எங்க லைன்ல இந்தக் கலர் வர்ல." மேல்துணியும் நுரையும் சேரும் விளிம்பில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்று ஓட்டினாள். அப்பா விரலாடுதா என்று அழுத்தும் அதே விரல், அதே அழுத்தம். "பேஸ்ட் நல்லாப் புடிச்சிருக்குது" என்றாள். விலை கேட்டாள். நான் பாதியைக் குறைத்துச் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் நிஜ விலை அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தது.

"நீங்க இதுல ஓடுவீங்களா சார்?"

"ஓடுவேம்மா. வாரத்துக்கு நாலு நாள்."

"பின்னாடி குதிகால் வயுக்குமே?"

வழுக்கும். இரண்டு வருஷமாக வழுக்குகிறது. அதற்காக அரை சைஸ் குறைத்து ஒரு ஜோடி, குதிகால் பட்டை தடிமனாக ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். எப்படித் தெரியும் என்றேன்.

"மேல கடைசியா தனியா ஒரு ஓட்டை இருக்குது பாருங்க. ரெண்டு பக்கமும். நாங்க எதுக்கு சார் அதைப் போடறோம்? அதை யாரும் கோக்கறதே இல்ல." ஷூவை மடியில் வைத்து லேஸின் முனையை உருவி, அந்த ஓட்டைக்குள் வெளியிலிருந்து விட்டு ஒரு வளையமாக்கினாள். மறுபக்கமும் அப்படியே. இந்த முனையை அந்த வளையத்துக்குள்ளும், அந்த முனையை இந்த வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்தாள். அரை நிமிஷம் ஆகியிருக்காது. "போட்டு நின்னு பாருங்க."

ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். குதிகால் அசையவில்லை. கண்டக்டர் எங்கே இறங்கணும் என்றார். இல்லைங்க, சும்மா நிற்கிறேன் என்றேன். அவர் குனிந்து என் காலைப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். அந்தப் பெண் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். நான் உட்கார்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இன்னொரு ஷூவின் லேஸை அவிழ்த்தேன். வந்தவாசி வருவதற்குள் மூன்று முறை கோத்துப் பார்த்தேன். எனக்கு வளையம் நிற்கவில்லை.